இந்தியாவுக்காக இரண்டு மாநிலங்கள்: பிசா ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு நாட்டின் வரி எப்படி உருவானது (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி) 2000 முதல் பிசா என்ற தேர்வை நடத்தி வருகிறது. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை நாடுவாரியாக ஒப்பிடுவது இதன் வேலை. 2018 சுற்று வரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை முடிவு வந்தது. முடிவு வந்த மறுநாள் பத்திரிகைகளில் தரவரிசை வரும். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு நாட்டைக் குறிக்கிறது என்றே பெரும்பாலோர் படிக்கிறார்கள்.

பட்டியலுக்குள் யார் வருவது என்பதை ஓஇசிடி தீர்மானிப்பதில்லை. அதன் உறுப்பு நாடுகள் பொதுவாகக் கலந்துகொள்கின்றன. மற்றவை தாமாக முன்வந்து, கட்டணம் செலுத்தி, விதிமுறைகளை ஏற்றுச் சேர்கின்றன. ஒரு நாடு தன் முழுப் பரப்பையும் தேர்வுக்கு உட்படுத்தலாம், ஒரு மாநிலத்தையோ நகரத்தையோ மட்டும் அனுப்பவும் செய்யலாம். ஆகவே 2010 வாக்கில் 4 லட்சம் பேர் வாழ்ந்த மால்டாவும் 7 கோடிப் பேர் வாழ்ந்த தமிழ்நாடும் ஒரே பட்டியலில் ஆளுக்கொரு வரியாக நிற்க முடியும், நின்றும் இருக்கின்றன.

இந்த ஆய்வு இந்தியாவின் வரி 2009 முதல் 2023 வரை எப்படி உருவாகி, எங்கெல்லாம் பயணித்து, எப்படி மறைந்தது என்பதைப் பதிவு செய்கிறது. முடிவெடுத்த அதிகாரிகளின் பெயர்கள் தேவையில்லை என்பதால் தரப்படவில்லை.

2009–10: முதல் தெரிவு

2009 சுற்றின் கால அட்டவணைக்குள் சேர முடியாதவர்களுக்காக ‘பிசா 2009 பிளஸ்’ என்ற தொடர் சுற்று 2010-இல் நடந்தது. பத்து இடங்கள் அதில் இருந்தன: கோஸ்டா ரிகா, ஜார்ஜியா, மலேசியா, மால்டா, மொரிஷியஸ், மால்டோவா, ஐக்கிய அரபு அமீரகம், வெனிசுலாவின் மிராண்டா மாநிலம், பிறகு இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும்.

நாடு முழுவதையும் ஏன் அனுப்பவில்லை? அளவு பெரிது என்பது காரணமாக இருக்க முடியாது. பிசாவின் குறைந்தபட்ச மாதிரி 150 பள்ளிகள், பள்ளிக்கு 35 பேர் வீதம் 5,250 மாணவர்கள். வராதவர்களைக் கழித்து 4,500 பேர் எழுதினால் போதும். மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டால் 121 கோடிப் பேர் உள்ள நாட்டுக்கும் ஏறத்தாழ இதே எண்ணிக்கை இதே துல்லியத்தைத் தரும். உண்மையான செலவு மொழியில் இருக்கிறது. வினாத்தாளின் ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் இரண்டு முறை தனித்தனியாகச் செய்யப்பட்டு, ஒப்பிட்டுச் சமன் செய்யப்பட்டு, வெளியார் ஒருவரால் சரிபார்க்கப்பட வேண்டும். இந்தியா முழுவதும் என்றால் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் இதைச் செய்தாக வேண்டும். அத்தோடு எல்லா மாநிலங்களின் பள்ளிப் பட்டியலும் ஒரே வடிவில் கையில் இருக்க வேண்டும். இரண்டு மாநிலங்கள் என்றால் வேலை கைக்கு அடங்கும்.

எந்த இரண்டு என்பதில்தான் சிக்கல். இரண்டும் கல்வியில் முன்னணி மாநிலங்கள் என்று பெயர் பெற்றவை. எழுத்தறிவு, பள்ளிச் சேர்க்கை இரண்டிலும் இவை தேசியச் சராசரிக்கு மேலே இருந்தன. ஆனால் சேர்க்கை வேறு, கற்றல் வேறு. அதே ஆண்டுகளில் வந்த, குழந்தைகளின் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் வீட்டிலேயே சோதிக்கும் ஏசர் ஊரகக் கணக்கெடுப்புகளில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் தேசியச் சராசரிக்குக் கீழேயே இருந்தது. இமாச்சலத்தின் நிலை மேலே இருந்தது. நற்பெயரை வைத்துத் தேர்ந்தெடுத்ததால், இவை இந்தியாவின் சராசரியை உயர்த்திக் காட்டுமா தாழ்த்திக் காட்டுமா என்பதே முன்கூட்டித் தெரியாத நிலை உருவானது. குறைந்தபட்சம் ஒரு பின்தங்கிய மாநிலத்தையும் ஒரு நடுத்தர மாநிலத்தையும் சேர்த்திருந்தால் சார்பின் திசையையாவது ஊகித்திருக்கலாம்.

பள்ளிக்குள் என்ன நடக்கிறது

பிசா வகுப்பைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது. தேர்வு நாளில் 15 வயது 3 மாதம் முதல் 16 வயது 2 மாதம் வரை உள்ள, ஏழாம் வகுப்புக்கோ அதற்கு மேற்பட்ட வகுப்புக்கோ செல்லும் எல்லா மாணவர்களும் தகுதியுடையவர்கள். பள்ளிகள், தகுதியுள்ள மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பு விகிதத்தில் முதலில் தேர்வாகின்றன. பிறகு ஒவ்வொரு பள்ளியிலும் தகுதியானவர்களின் பட்டியல் தயாராகும். பட்டியலில் 140 பேர் இருந்தால் 140-ஐ 35-ஆல் வகுத்து, நான்கு பேருக்கு ஒருவர் என்று எடுப்பார்கள். தொடக்கப் புள்ளி தற்செயலாக அமையும்.

நம் பள்ளிகளில் வருகைப் பதிவேடு வகுப்புவாரியாக, பிரிவுவாரியாக இருக்கும். 15 வயதுக்காரர்கள் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று சிதறிக் கிடப்பார்கள். பத்தாம் வகுப்புப் பதிவேட்டை மட்டும் எடுத்துப் பட்டியல் போட்டால், ஒன்பதாம் வகுப்பில் தங்கிப்போனவர்கள் விடுபடுவார்கள். சராசரி செயற்கையாக ஏறும். ‘அ’ பிரிவோடு பட்டியல் நின்றுவிட்டாலும் இதே கதைதான். பதிவேட்டிலுள்ள பிறந்த தேதி, சேர்க்கையின்போது வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டதாக இருந்தால் யார் தகுதியானவர் என்பதே ஆட்டம் காணும்.

தமிழ்நாடு, இமாச்சலம், மிராண்டா ஆகிய மூன்றிலும் மாணவர் மாதிரி எடுப்பில் விதிமுறைகளிலிருந்து விலகல்கள் இருந்தன என்றும், முடிவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்றும் 2009 பிளஸ் அறிக்கை குறிப்பிட்டது. அந்தக் குறிப்பு தரவரிசையோடு சேர்ந்து பயணிக்கவில்லை. எண்கள் மட்டும் பயணித்தன.

டிசம்பர் 2011: முடிவு

வாசிப்பில் தமிழ்நாடு 337, இமாச்சலம் 317. கணிதத்தில் 351, 338. அறிவியலில் 348, 325. ஓஇசிடி சராசரி 500-ஐ ஒட்டியது. 2009 சுற்றையும் பிளஸ் சுற்றையும் சேர்த்த 74 வரிகளில், வாசிப்பில் தமிழ்நாடு 72, இமாச்சலம் 73, கடைசியில் கிர்கிஸ்தான். அறிவியலில் கிர்கிஸ்தானும் முந்திவிட, இமாச்சலம் கடைசியாயிற்று.

தரவரிசையைவிட அதிகம் பேச வேண்டிய எண் வேறு. அன்றாடத் தேவைக்கான அடிப்படை வாசிப்பு என்று பிசா கருதும் இரண்டாம் நிலையைத் தொட்டவர்கள் தமிழ்நாட்டில் 17 சதவீதம், இமாச்சலத்தில் 11 சதவீதம். ஓஇசிடி நாடுகளில் 81 சதவீதம். மாதிரியில் கொஞ்சம் பிசகு இருந்தது என்பதை வைத்து இந்த இடைவெளியைத் தள்ளிவிட முடியாது. பள்ளியை விட்டு நின்றவர்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர்களைச் சேர்த்தால் எண் கூடுவதற்கு வழியில்லை.

இங்கே கருவியின் எல்லையும் தெரிகிறது. வினாக்களில் பெரும்பகுதி 400-க்கு மேற்பட்ட திறனை அளக்க வடிவமைக்கப்பட்டது. 320, 340 என்ற மட்டத்தில் இருக்கும் மாணவரிடம் அந்த வினாக்கள் ‘தெரியவில்லை’ என்ற ஒரே தகவலைத்தான் திரும்பத் திரும்பப் பெறும். அவருக்கு எது தெரியும் என்பது பதிவாகாது. பிற்பாடு ஓஇசிடியே குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்காக ‘வளர்ச்சிக்கான பிசா’ என்ற வடிவத்தை உருவாக்கியது. கீழ்மட்டத் திறனை அளக்கும் வினாக்கள் அதில் கூடுதல். பள்ளியில் இல்லாத இளையோருக்கான தனிப் பகுதியும் சேர்க்கப்பட்டது. கம்போடியா, செனகல், ஜாம்பியா, ஈக்வடார், பராகுவே போன்றவை கலந்துகொண்டன.

விலகல்

இந்தியத் தரப்பின் பதில், வினாக்கள் இந்தியச் சமூக, பண்பாட்டுச் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்பதாக இருந்தது. 2012, 2015, 2018 ஆகிய மூன்று சுற்றுகளிலும் இந்தியா இல்லை.

அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதைச் சோதிக்க வழி இருந்தது. முன்னோட்டத் தேர்வில், ஒட்டுமொத்தத் திறன் சமமாக இருந்தும் ஒரு நாட்டு மாணவர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கடினமாகும் வினாக்களைப் புள்ளியியல் முறையில் பிரித்தெடுப்பது பிசாவின் வழக்கமான வேலை. அப்படிப் பிரித்தெடுத்து, அவற்றை நீக்கினால் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்று காட்டியிருந்தால் வாதம் வலுப்பெற்றிருக்கும். பொதுவெளியில் அத்தகைய பகுப்பாய்வு முன்வைக்கப்படாமல் விலகியதால், அது தோற்றவரின் சாக்காகவே வெளியில் படிக்கப்பட்டது.

அதே பட்டியலின் மறுமுனை

2009 சுற்றில் முதலிடம் ஷாங்காய்: வாசிப்பில் 556, கணிதத்தில் 600, அறிவியலில் 575. சீனாவின் வேறு சில மாகாணங்களிலும் தேர்வு நடந்தது. வெளியானது ஷாங்காய் மட்டும். 2012-இல் ஷாங்காயின் கணித மதிப்பெண் 613. பட்டியல் ‘ஷாங்காய்–சீனா’ என்றது. தலைப்புச் செய்திகள் ‘சீனா’ என்றன. 2010 கணக்கெடுப்பின்படி ஷாங்காயின் மக்கள்தொகை 2.3 கோடி, அதாவது சீனாவில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஷாங்காய்மீது வைக்கப்பட்ட விமர்சனங்கள் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

முதலாவது, நகருக்குள்ளேயே விடுபட்டவர்கள். ஹூகோ என்னும் வசிப்பிடப் பதிவு இல்லாத புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகள், உயர்நிலைக் கல்விக்குச் சொந்த மாகாணம் திரும்ப வேண்டிய நிலை இருந்தது. 2012-இல் ஷாங்காயின் 15 வயதினர் ஏறத்தாழ 1,08,000 பேர். மாதிரி பிரதிநிதித்துவம் செய்தது சுமார் 85,000 பேரை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.79; இந்த விகிதமே உள்ளடக்கம். அறிக்கையின் பின்னிணைப்பில் ‘மூன்றாம் உள்ளடக்கக் குறியீடு’ என்ற பத்தியில் இந்த எண் எல்லா நாடுகளுக்கும் கிடைக்கும்.

இதன் தாக்கத்தை ஒரு கடுமையான அனுமானத்தால் அளந்து பார்க்கலாம். விடுபட்ட 21 சதவீதம் பேரும், எழுதியிருந்தால், எல்லா 15 வயதினரின் நடுப்புள்ளிக்கு (பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் இருக்கும் மதிப்பெண்ணுக்கு) கீழேதான் வந்திருப்பார்கள் என்று வைப்போம். அப்போது நகரின் நடுப்புள்ளி, எழுதியவர்களில் (50–21)/79, அதாவது கீழிருந்து 37-ஆம் சதவீதத்தில் இருப்பவரின் மதிப்பெண். மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 101; மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில், அதாவது சராசரியின் இருபுறமும் மணி வடிவில் சமமாகப் பரவி இருந்தால் அது ஏறத்தாழ 579. இரண்டாமிடம் பெற்ற சிங்கப்பூரின் சராசரி 573. ஆகவே முதல் விமர்சனம் சரி என்றாலும் அது தரவரிசையைக் கவிழ்க்கவில்லை.

இதே கணக்கை வியட்நாமுக்குப் போட்டால் கதை மாறுகிறது. 2012-இல் அதன் கணித மதிப்பெண் 511, ஓஇசிடி சராசரிக்கு மேல். உள்ளடக்கம் 56 சதவீதம் மட்டுமே. (50–44)/56, அதாவது கீழிருந்து 11-ஆம் சதவீதம். திட்ட விலக்கம் 86 என்றால் நடுப்புள்ளி ஏறத்தாழ 405. அனுமானம் மிகக் கடுமையானதுதான். உண்மை 405-க்கும் 511-க்கும் இடையில் எங்கோ இருக்கும். இந்த இடைவெளி தெரியாமல் ‘ஏழை நாடு பணக்கார நாடுகளை முந்தியது’ என்று எழுதுவது அவசரம்.

இரண்டாவது விமர்சனம்தான் அடிப்படையானது: ஷாங்காய் சீனா ஆகாது. 2015-இல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, குவாங்டாங் நான்கும் சேர்ந்து ஒரே வரியாயின, கணிதம் 531. 2018-இல், 2010 கணக்கெடுப்பின்படி 10.4 கோடிப் பேர் வாழ்ந்த குவாங்டாங் வெளியே போய், 5.4 கோடிப் பேர் வாழ்ந்த ஜெஜியாங் உள்ளே வந்தது, கணிதம் 591. மூன்றே ஆண்டில் 60 புள்ளி. எந்தப் பள்ளிச் சீர்திருத்தமும் இந்த வேகத்தில் இதைச் செய்வதில்லை. வரியின் பெயருக்குள் இருந்த ஒரு மாகாணம் மாறியிருந்தது.

ஒப்பிட ஒரு நியாயமான வழி 2012-இலேயே கையில் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், புளோரிடா மூன்றும் அந்தச் சுற்றில் தனி மாதிரி கொடுத்தன. அமெரிக்காவின் கணித மதிப்பெண் 481, மாசசூசெட்ஸின் மதிப்பெண் 514. ஷாங்காயை மாசசூசெட்ஸோடு வைத்தால் இடைவெளி 99. அமெரிக்காவோடு வைத்தால் 132. ஷாங்காய் அப்போதும் வெகுதூரம் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் இடைவெளியில் கால்பங்கு, எதை எதோடு வைத்தோம் என்பதிலிருந்து வந்தது.

2018: பழைய எண், புதிய குறியீடு

அக்டோபர் 2018-இல் உலக வங்கி, இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்தபின் எட்டக்கூடிய உற்பத்தித் திறனை 0 முதல் 1 வரை அளக்கும் மனித மூலதனக் குறியீட்டை வெளியிட்டது. இந்தியா 157 நாடுகளில் 115, மதிப்பு 0.44. அதன் கல்விப் பகுதி ஒரு பெருக்கல்: ஒரு குழந்தை பள்ளியில் கழிக்க எதிர்பார்க்கப்படும் ஆண்டுகளை, ஒத்திசைக்கப்பட்ட (வெவ்வேறு தேர்வுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த) தேர்வு மதிப்பெண்ணை 625-ஆல் வகுத்து வரும் விகிதத்தால் பெருக்குகிறார்கள். இந்தியாவுக்கு 10.2 ஆண்டுகள், மதிப்பெண் 355. 10.2 × 355 / 625 = 5.8 ஆண்டுகள்; கற்றலின் தரத்தைக் கணக்கில் எடுத்தால் மிஞ்சும் பள்ளி ஆண்டுகள் இவை.

அந்த 355-க்கு மூலம், 2010-இல் தமிழ்நாட்டிலும் இமாச்சலத்திலும் நடந்த தேர்வு. 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடியும் 69 லட்சமும், இரண்டும் சேர்ந்து நாட்டின் மக்கள்தொகையில் 6.5 சதவீதம். எட்டு ஆண்டுப் பழைய, எச்சரிக்கைக் குறிப்போடு வெளியான, கையால் தேர்ந்தெடுத்த இரு மாநிலங்களின் எண், ‘இந்தியா’ என்ற பெயரில் உலகப் பட்டியலில் அமர்ந்தது. நிதி அமைச்சகம் முறையியல் குறைகளைச் சுட்டி, இக்குறியீட்டைப் பொருட்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது.

தயாரித்தவர்களைக் குறை சொல்வது எளிது. உலகளாவிய குறியீடு போடுபவர்முன் இரண்டே வழிகள்: 130 கோடிப் பேரை விட்டுவிடுவது, அல்லது கிடைத்த ஒரே எண்ணைப் போடுவது. இரண்டாவதை அவர்கள் தேர்ந்தார்கள். அதைத் தவறென்று சொல்ல முடியாது. 5.8 என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு வீச்சைக் கொடுத்து, வரியின் பெயரிலேயே ‘இரு மாநிலங்கள், 2010’ என்று எழுதியிருந்தால் சர்ச்சையின் பாதி எழுந்திருக்காது. அரசும் தன் பங்கை ஒப்புக்கொண்டிருக்கலாம்: வேறு எண் இல்லாததற்குக் காரணம், மூன்று சுற்றுகள் ஒதுங்கி நின்றது.

2019: இரண்டாவது தெரிவு

ஜனவரி 2019-இல் இந்தியா 2021 சுற்றுக்கு ஒப்பந்தம் செய்தது. இம்முறை தேர்வானவை சண்டிகர் ஒன்றியப் பகுதிப் பள்ளிகள், கேந்திரிய வித்யாலயாக்கள், நவோதயா வித்யாலயாக்கள்.

நிர்வாகக் கண்ணோட்டத்தில் இது வசதியான தெரிவு. மூன்றும் மத்திய அரசின் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளவை, பதிவேடுகள் ஒழுங்கானவை, மொழிச் சிக்கல் குறைவு. ஒப்பீட்டுக் கண்ணோட்டத்தில் முதல் தெரிவைவிட மோசம். கேந்திரிய வித்யாலயாவில் இடமாற்றத்துக்குரிய மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. நவோதயாவில் ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளி. தேர்வில் நன்றாக எழுதியவர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் தேர்வில் எப்படி எழுதுகிறார்கள் என்று அளப்பது எந்த நாட்டைப் பற்றியும் எதையும் சொல்லாது. தமிழ்நாட்டிலோ, முதல் முறை தேர்வை எழுதிய மாநிலமாக இருந்தும், நவோதயா பள்ளிகளே இல்லை.

மதிப்பெண் 337-லிருந்து எவ்வளவு ஏறியிருந்தாலும், அதை முன்னேற்றம் என்று படிக்க வழி இருந்திருக்காது.

முடிவு

கோவிட் காரணமாகச் சுற்று 2022-க்குத் தள்ளிப்போனது. டிசம்பர் 2023-இல் வெளியான 81 வரிகளில் இந்தியா இல்லை. சீன மாகாணங்களும் இல்லை. எனவே உலக மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரைப் பற்றி அந்தப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை.

எதை மாற்ற வேண்டும்

பங்கேற்பைத் திட்டமிடுவோருக்கு: மொழிச் செலவுதான் தடை என்றால், நற்பெயரைப் பார்க்காமல் மாநிலங்களையே குலுக்கல் முறையில் எடுக்கலாம். மாநிலங்களை உள்நாட்டுக் கற்றல் மதிப்பீட்டின்படி மூன்று அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்கு இரண்டு என ஆறு மாநிலங்களை எடுத்தால், ஆறேழு மொழிகளில் வேலை முடியும். பிழை வரம்பு பெரிதாக இருக்கும், ஆனால் அதன் அளவு தெரிந்திருக்கும். எடுக்கும் முறையைத் தேர்வுக்கு முன்பே எழுதி வெளியிட வேண்டும். முடிவு வந்தபின் எழுதப்படும் விதியை யாரும் நம்பமாட்டார்கள்.

ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்போருக்கு: மதிப்பெண் பத்திக்கு அருகிலேயே உள்ளடக்கப் பத்தி வேண்டும். 0.80-க்குக் கீழே உள்ள வரிகளுக்கு மேலே காட்டிய நடுப்புள்ளிக் கணக்கைப் போட்டு, ஒரு வீச்சாகத் தர வேண்டும். மாகாணத்தை மாகாணத்தோடும் நாட்டை நாட்டோடும் தனித்தனிப் பட்டியலில் வைக்க வேண்டும். இரண்டு சுற்றுகளை ஒப்பிடுமுன் வரியின் பெயருக்குள் இருக்கும் இடங்கள் அவையேதானா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு இழுக்கக் கூடாது. பள்ளிகளின் பங்கேற்பு 85 சதவீதத்துக்கும் மாணவர் பங்கேற்பு 80 சதவீதத்துக்கும் கீழே போனதா, விலக்கப்பட்டவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டினார்களா என்பவையும் அதே பின்னிணைப்பில் உள்ளன. 2015-இல் மலேசியாவின் பள்ளிப் பங்கேற்பு போதாமல் அதன் எண்கள் தனியே வைக்கப்பட்டன. அர்ஜென்டினாவின் பள்ளிப் பட்டியல் முழுமையாக இல்லாததால் புவனஸ் ஐரிஸ் நகரம் மட்டும் ஒப்பிடத் தகுந்ததாக எடுக்கப்பட்டது. பழைய சுற்றுகளின் தரவை ஒரே கோப்பில் இணைப்பவர்கள் இவற்றைச் சாதாரண வரிகளாகச் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இணைக்கும் முன் ஒவ்வொரு வரிக்கும் நாடா பகுதியா, எந்த ஆண்டு, என்ன உள்ளடக்கம், எச்சரிக்கைக் குறிப்பு உண்டா என்ற நான்கு பத்திகளைக் கையால் நிரப்ப வேண்டும். எழுபது, எண்பது வரிகளுக்கு இது ஒரு நாள் வேலை.